இரைப்பை அறுவைக்குப் பின் நான் இருந்த மிளகு விரதம்

போன ஐப்பசியில், கந்த சஷ்டி விரதத்தின் ஐந்தாம் நாள் காலை, என் அம்மா எனக்கு இரண்டாகத் தெரிந்தார். எந்த முகத்தைப் பார்த்துப் பேசுவது என்று தெரியவில்லை. எழுந்து நின்றேன். பாதத்துக்குக் கீழே தரை இருப்பதே உறைக்கவில்லை. அடுப்படி வாசலில் விழுந்தேன். அன்றைக்கே என் கதை முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. முருகன் என்ன செய்தான் என்பதை, அவனை நம்புகிற உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

என் ஊர் கொடைக்கானல் பக்கம் வில்பட்டி. வீட்டில் பூண்டும் கேரட்டும் விவசாயம். நான் மின்னணுவியல் டிப்ளமோ முடித்து, செல்போன் டவர் பராமரிக்கும் வேலைக்குப் போனேன். என் எடை நூற்றுப் பதினெட்டு கிலோ. சர்க்கரை வந்துவிட்டது. முட்டி வலித்தது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. அது நிற்கும்போதெல்லாம் அம்மா என்னை உலுக்கி எழுப்புவார். ஜீப்பில் ஏறினால் டிரைவர், "ஏக்கா, நடுவுல உக்காருங்க, வண்டி ஒருபக்கமா சாயுது" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

நடை, பட்டினி, மருந்து எல்லாம் பார்த்தாகிவிட்டது. கடைசியில் மதுரையில் ஒரு டாக்டர், இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்து மீதியைக் குழாய்போல் தைத்துவிடும் அறுவை சிகிச்சையைச் சொன்னார். நன்மை, ஆபத்து இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொண்டு நானே சம்மதித்தேன். ஆவணியில் செய்தார்கள். நான் உள்ளே மயக்கத்தில் கிடந்த நேரத்தில், அம்மா வெளியே ஒரு நேர்த்தி வைத்திருக்கிறார்: "முருகா, எம்மக நல்லபடியா வெளிய வந்தா சஷ்டிக்கு மிளகு விரதம் இருப்பா."

மிளகு விரதம் என்றால் முதல் நாள் ஒரு மிளகு, அடுத்த நாள் இரண்டு, இப்படி ஆறாம் நாள் ஆறு. மற்றபடி தண்ணீர் மட்டும்.

எடை மளமளவென்று இறங்கியது. பக்கத்துத் தோட்டத்து அக்கா, "என்னடி, பாதி ஆளுதான் வந்திருக்கு, மீதிய மதுரையிலயே வச்சிட்டு வந்துட்டியா?" என்று கேலி செய்தார். ஆனால் சாப்பிட்டது எதுவும் வயிற்றில் நிற்கவில்லை. கஞ்சி வந்தது, பருப்புத் தண்ணீர் வந்தது, ஆஸ்பத்திரியில் கொடுத்த சத்து மாத்திரையும் வெளியே வந்தது. புது வயிறு பழகும்வரை இப்படித்தான் இருக்கும் என்று எண்ணி டாக்டருக்கு போன் செய்யவில்லை. அதனால் சஷ்டி வந்தபோது விரதம் சுலபமாகவே இருந்தது. மிளகு மட்டும் வயிற்றில் தங்கியது. அதை வீட்டில் எல்லோரும் அருள் என்று நம்பினோம்.

விழுந்த என்னைத் தூக்கிய அண்ணன் மதுரைக்குக் கிளம்பச் சொன்னான். அம்மா தடுத்தார். "நாளைக்கு ஒரு நாதான்யா. சூரசம்ஹாரம் முடிஞ்சிரும். பாதியில விட்டா தெய்வக்குத்தமாயிரும்."

"குத்தம் எந்தலையில விழட்டும். இவ கண்ணப் பாரும்மா, எங்கயோ நெலகுத்தி நிக்கிது."

அண்ணனின் பிக்கப் வண்டியில் என்னைப் படுக்கவைத்தார்கள், அம்மாவும் ஏறிக்கொண்டார். நல்ல மழை. பெருமாள்மலை தாண்டியதும் வண்டி நின்றது. சாலையின் குறுக்கே பெரிய மரம் விழுந்து கிடந்தது. முன்னால் வரிசையாக வண்டிகள். அண்ணன் இறங்கி ஓடினான். "ஏலே, வெரசா அறுங்கப்பா! தங்கச்சி வண்டியில கெடக்கு!"

அப்போதுதான் வேண்டினேன். அதுவரை வேண்டியதெல்லாம் உடம்பு இளைக்க வேண்டும் என்பதுதான். "முருகா, எனக்கு அழகு வேண்டாம். உயிர் போதும். வழி அடைத்துவிட்டது. யாரையாவது அனுப்பு." உரக்கச் சொல்லத் தெம்பில்லை.

முன்னால் நின்ற காரிலிருந்து ஒரு பெண் குடையோடு வந்தார். சஷ்டிக்குச் சொந்த ஊர் போய்க்கொண்டிருந்த டாக்டர். எடை குறைப்பு அறுவை சிகிச்சைப் பிரிவில் முன்பு வேலை பார்த்தவர். அண்ணன் போட்ட சத்தம் அவர் காதில் விழுந்திருக்கிறது. இரைப்பை ஆபரேஷன் செய்திருக்கிறது என்று அண்ணன் சொன்னதும், என் கண்ணுக்கு நேரே விரலை அசைத்தார்.

"ஆபரேஷன் எப்போ?"

"ஆவணியில."

"வாமிட்டிங் இருக்கா? டேப்லெட் போடுறீங்களா?"

அம்மா, "எதும் தங்கலைங்க, மாத்திரையும் வெளிய வந்துருது. இப்ப மிளகு விரதங்க" என்றார். டாக்டர் உடனே அண்ணனிடம், "வண்டியத் திருப்புங்க. மதுர வரைக்கும் தாங்காது. வைட்டமின் பி ஒன் சத்து சுத்தமா தீந்துருச்சு, மூளையப் பாதிக்குது. கொடைக்கானல்லயே ஊசி போடணும். ஊசி முதல்ல, குளுக்கோஸ் அப்புறம். நானும் வரேன்" என்றார்.

நான் கேட்ட ஆள் எனக்கு முன்னாலேயே வந்து மழையில் காத்திருந்தார். நாங்கள் சபித்துக்கொண்டிருந்த மரம்தான் அவரை நிறுத்திவைத்திருந்தது. இதைத் தற்செயல் என்று சொல்பவர்களோடு நான் வாதிடுவதில்லை.

அதன் பிறகு ஒரு வாரம் எனக்கு நினைவில் இல்லை. அந்த நினைவு இன்றுவரை திரும்பவில்லை. கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டதையும் மறுநாள் நடந்ததையும் அண்ணன்தான் சொன்னான். எனக்கு இட்லி ஒரு விள்ளல் ஊட்டச் சொன்னார்களாம். அம்மா ஊட்டிவிட்டு, ஆறு மிளகையும் தன் வாயில் போட்டுக்கொண்டு, "மிச்சத்த நான் இருந்துக்கிறேன் முருகா. கோவம்னா எங்கிட்டக் காட்டு. அவள விட்டுரு" என்றாராம்.

பார்வை ஒன்றானது. வாந்தி ஏன் வந்தது என்று பிறகு மதுரையில் கண்டுபிடித்தார்கள். இரைப்பையில் ஓரிடம் சுருங்கியிருந்தது, அதைச் சரிசெய்தார்கள். சர்க்கரை போய்விட்டது. தூக்கத்தில் மூச்சு நிற்பதில்லை, அம்மாவும் தூங்குகிறார். ஆனால் பாதங்கள் இன்னும் மரத்தே கிடக்கின்றன. தடி ஊன்றித்தான் நடக்கிறேன். டவர் வேலை போய், அலுவலகத்தில் உட்கார்ந்து பார்க்கும் சோலி கிடைத்தது. முடி கொட்டியது. வயிற்றுத் தோல் தொங்குகிறது. கையளவு சாப்பாட்டை மென்று முடிக்க அரைமணி ஆகிறது. ஊசியும் மாத்திரையும் ஆயுளுக்கும். அறுவை சிகிச்சைக்காக வருந்துகிறாயா என்று கேட்கிறார்கள். இல்லை. வாந்தியைச் சொல்லாமல் இருந்ததற்கு வருந்துகிறேன்.

பாதத்தைப் பற்றி முருகனிடம் கேட்பதில்லையா? தினமும் கேட்கிறேன். இன்னும் பதில் இல்லை. ஆனாலும் கும்பிடுகிறேன், ஏனென்றால் உயிரைக் கேட்டபோது கொடுத்தவன் அவன்.

இதைப் படிப்பவர்களில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் இருந்தால், விரதத்துக்கு முன் டாக்டரிடம் கேளுங்கள். சாப்பிடு என்று சொன்னால் சாப்பிட்டுவிட்டுக் கோயிலுக்குப் போங்கள். அவன் கோபிக்க மாட்டான். எங்கள் வீட்டில் பாதியில் நின்ற விரதமே அதற்குச் சாட்சி. பயம் வந்தால் அவனைக் கூப்பிடுங்கள். கூப்பிட்டுக்கொண்டே வண்டியை எடுங்கள்.