ஆணியில் தொங்காத சாவி

போன வருடம் பொங்கல் விடுமுறை தொடங்கிய நாள் அது. இடம், விருத்தாசலத்தில் ஒரு கல்லூரி விடுதியின் இரண்டாவது மாடி. இன்னும் துல்லியமாகச் சொன்னால், குளியலறை வரிசையில் மூன்றாவது கதவுக்குப் பின்னால்.

நாற்பத்தெட்டு வயது ஆளுக்கு மாணவர் விடுதியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். பெண்ணாடத்தில் எனக்கு ஒரு சின்னக் கடை. பீங்கான் கப்பில் போட்டோ அச்சடித்துக் கொடுப்பேன். கப்பையும் நாமே செய்தால் என்ன என்று திடீரென்று ஓர் ஆசை வந்து, விருத்தாசலத்தில் மூன்று மாதப் பயிற்சி ஒன்றில் சேர்ந்துவிட்டேன். சூளை வேலை இருக்கும் நாட்களில் விடிகாலையிலேயே வரச் சொன்னதால், அந்த விடுதியிலேயே தங்க இடம் பிடித்துக் கொடுத்தார்கள். என் மனைவி மறுபேச்சே பேசாமல் பெட்டி கட்டிக் கொடுத்ததுதான் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

அந்த விடுதியில் மாடிக்கு ஒரு மாணவர் பொறுப்பு. 'இன்சார்ஜ்' என்பார்கள். எங்கள் மாடி இன்சார்ஜ் கடைசி வருடம் படிக்கிற ஒல்லியான தம்பி; கம்மாபுரம் பக்கத்துக்காரர். முதல் நாளே ஒரு நோட்டோடு வந்து நின்றார்.

"சார்னு கூப்புடவா, அண்ணேன்னு கூப்புடவா?"

"அண்ணேன்னே கூப்புடு. அங்கிள்னு மட்டும் கூப்புட்டுடாத."

வீட்டு போன் நம்பர், என்ன நோய், என்ன மாத்திரை, எந்த நேரத்துக்கு என்று வரிசையாகக் கேட்டார். "என்னா தம்பி, மாப்பிள்ள பாக்க வந்திருக்கியா? எங்க வூட்டுல என்னை ஏற்கெனவே கட்டிக் குடுத்துட்டாங்க" என்றேன். பக்கத்து அறைப் பையன்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே 'சுகர்' என்று எழுதிக்கொண்டார்.

தினமும் காலை ஏழு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் ஒவ்வொரு கதவாகத் தட்டுவார். உள்ளே லைட் எரிந்தால் போதாது, செருப்பு வெளியே கிடந்தால் போதாது. "குரல் குடுங்க" என்பார். குரல் கேட்டால்தான் நோட்டில் டிக். நான் தினமும் ஒரே பதில்தான் சொல்வேன்: "உசுரோடதான் இருக்கேன், டிக்கு போட்டுக்க!" மாடியே சிரிக்கும். வயசுப் பையன்களுக்கு நடுவே எனக்கு இருந்த ஒரே மரியாதை அந்தச் சிரிப்புதான். அதைக் காப்பாற்ற எதையும் செய்வேன்.

எதையும் என்றால் எதையும்தான். பொங்கலுக்கு மூன்று நாள் முன்பு, மூன்றாவது குளியலறைக் கதவில் அந்தத் தம்பி ஒரு பேப்பர் ஒட்டியிருந்தார். 'பழுது. பயன்படுத்த வேண்டாம்.' உள்தாழ்ப்பாள் துருப்பிடித்து மாட்டிக்கொள்கிறதாம். நான் அதை நோகாமல் உரித்து, பக்கத்து அறையில் மத்தியானம் வரை தூங்குகிற ஒரு பையனின் கதவில் ஒட்டிவிட்டேன். அன்று விடுதியில் என் புகழ் உச்சத்துக்குப் போனது.

விடுமுறை நாள் காலை. ஊருக்குப் போகிறவர்கள் மின்விசிறியை நிறுத்தி, குழாயை மூடி, ஜன்னலைச் சாத்தி, அறைச் சாவியைக் கீழே பலகையில் அவரவர் ஆணியில் மாட்டிவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். கூட்டத்தில் யார் நிற்பது என்று ஏழு மணிக்கே போய் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டு, 'சாவி ஒப்படைத்தாயிற்று' என்று கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தேன். சாவி என் சட்டைப் பையில் இருந்தது. எல்லோரும் போனபிறகு வரிசையில் நிற்காமல் நிம்மதியாகக் குளிக்கலாம் என்பது திட்டம். சுகர் மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். இட்லியை பஸ் ஸ்டாண்டில் பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்பதரை மணிக்கு மாடி காலி. விசில் அடித்துக்கொண்டு போய் ஒரு கதவைத் திறந்து, உள்ளே நுழைந்து, தாழ்ப்பாள் போட்டேன். பேப்பரை உரித்தவனுக்கே அது எந்தக் கதவு என்று மறந்துவிட்டிருந்தது.

குளித்து முடித்து தாழ்ப்பாளை இழுத்தேன். வரவில்லை. பலமாக இழுத்தேன். அதன் கைப்பிடி மட்டும் தனியாகக் கழன்று என் கைக்கு வந்துவிட்டது.

முதல் பத்து நிமிடம் நான் வீரன். கதவைத் தோளால் இடித்தேன். தோள்தான் வலித்தது. அடுத்த பத்து நிமிடம் கத்தினேன். வாட்ச்மேன் இருப்பது கீழே, கேட்டுக்குப் பக்கத்தில். மேலே என் சத்தத்தைக் கேட்டது புறாக்கள் மட்டும். போன் அறையில். விடுதி திறக்க இன்னும் ஐந்து நாள். பதிவேட்டின்படி நான் ஏழு மணிக்கே ஊருக்குப் போய்விட்டவன். வீட்டிலோ, வழியில் நண்பர்களைப் பார்த்துவிட்டு மெதுவாக வருவேன் என்று சொல்லி வைத்திருந்தேன். என்னை யாரும் தேட முடியாதபடி எல்லா ஏற்பாட்டையும் நானே கச்சிதமாகச் செய்து முடித்திருந்தேன்.

அப்புறம்தான் கை நடுங்க ஆரம்பித்தது. குளித்த உடம்பு மறுபடி வியர்த்தது. மாத்திரை உள்ளே போயிருக்கிறது, சாப்பாடு போகவில்லை. சர்க்கரை இறங்குகிறது என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் ஒருவர் மயங்கி விழுந்து பார்த்திருக்கிறேன். பற்பசை இனிக்குமே என்று ஒரு விரல் எடுத்துத் தின்றேன். பாதி டியூப் காலியானதுதான் மிச்சம். குறையைச் சீட்டில் எழுதிக் கட்டினால் தீர்த்துவைக்கிற எங்கள் பக்கத்துச் சாமி கொளஞ்சியப்பருக்கு ஒரு பிராது எழுதிக் கட்டலாம் என்றால் பேப்பர் இல்லை. கதவில் இருந்த ஒரே பேப்பரையும் உரித்தவன் நான். வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, ஈரத் துண்டோடு அழுதேன். ஆமாம், அழுதேன். எத்தனை நேரம் என்று தெரியாது. கண் மங்கிக்கொண்டு வந்தது.

அப்போது நடைக்கோடியில் ஒரு கதவு தட்டப்படுகிற சத்தம்.

"அண்ணே, குரல் குடுங்க."

இரண்டு மாதமாகக் கிண்டலாய்ச் சொன்ன பதிலை இப்போது நிஜமாகவே சொல்ல வேண்டும். தொண்டை கட்டிப் போயிருந்தது, காற்றுதான் வந்தது. குளிக்கிற குவளையை எடுத்து வாளியில் அடித்தேன். காலடிச் சத்தம் ஓடி வந்தது.

"அண்ணே?"

"உசுரோட... இருக்கேன்..."

"மாத்திர போட்டீங்களா?"

"போட்டேன்."

"சாப்டீங்களா?"

"இல்ல."

எப்படி மாட்டினீர்கள் என்று கேட்கவில்லை. கதவைத் தொடக்கூட இல்லை. அடுத்த நிமிடம் கதவுக்கு அடியில் இருந்த இடுக்கில் தட்டையாக ஏதோ நுழைந்தது. ஒரு பாக்கெட் கடலை மிட்டாய்.

"மொதல்ல அதத் தின்னுங்க. மெதுவா. கதவு எங்கயும் போவாது."

தின்றேன். கதவுக்கு அந்தப்பக்கம் தரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார். கடைக்கு என்ன பெயர், கப்புக்கு என்ன விலை, மகள் என்ன படிக்கிறாள். பதில் தாமதமானால், "குரல் குடுங்கண்ணே" என்பார். என் நடுக்கம் அடங்கியதும் கதவுக்கு மேலே இருந்த கையளவு இடுக்கு வழியாக ஒரு காய்ந்த லுங்கி வந்து விழுந்தது.

"கட்டிக்குங்க. இனிமே வாட்ச்மேன கூப்புடலாமா? உங்களுக்கு ஒண்ணும் சங்கடம் இல்லியே?"

என் வாழ்க்கையில் என் மானத்தைப் பற்றி என்னிடமே அனுமதி கேட்ட முதல் ஆள் அவர்தான்.

வாட்ச்மேன் கடப்பாரையோடு வந்து ஒரே நெம்பில் திறந்தார். வெளியே வந்து பார்த்தால் மணி பன்னிரண்டு. தம்பி தோளில் ஊருக்குப் போகிற பை.

"ஊருக்குப் போவலியா?" என்றேன்.

பஸ்ஸில் ஏறி, சீட்டும் பிடித்து உட்கார்ந்துவிட்டாராம். கண்ணை மூடி, சாவிப் பலகையை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்திருக்கிறார். இரண்டாம் வரிசையில் ஓர் ஆணி காலி. என் நம்பர். எனக்கு இரண்டு முறை போன் அடித்தார், எடுக்கவில்லை. இறங்கிவிட்டார். பொங்கல் நேரத்தில் விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் கிடைத்த சீட்டை விட்டு ஒருவர் இறங்குவதற்கு எவ்வளவு மனசு வேண்டும் என்பது அந்தக் கூட்டத்தில் ஒருமுறை ஏறிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

"பதிவேட்டுலதான் என் கையெழுத்து இருந்திச்சே தம்பி. சாவிய நான் ஊருக்கு எடுத்துட்டுப் போயிருக்கலாம்ல?"

"எடுத்துட்டுப் போயிருந்தா போன எடுத்து ஒரு ஜோக்கு சொல்லியிருப்பீங்க."

நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் போய், வேறு இடத்தில் கட்டிய புது வீட்டில் தம்பி குடும்பத்துக்கு அது முதல் பொங்கல். அம்மா காத்திருப்பார்களே என்றேன். "இருப்பாங்க. அந்தக் கடல மிட்டாய் அவங்களுக்கு வாங்குனதுதான். எலி தின்னுடுச்சின்னு சொல்லிக்கிறேன்" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கொஞ்சம் பெரிய எலி."

நான் இட்லி சாப்பிட்டு முடிக்கும் வரை எதிரில் உட்கார்ந்திருந்தார். பஸ் ஏற்றிவிடும்போது, "வூட்டுக்குப் போய்ச் சேந்ததும் போன் பண்ணுங்க. மெசேஜ் வேணாம், குரல் வேணும்" என்றார். சாயங்காலம் அழைத்தேன். உசுரோட இருக்கேன் என்று ஆரம்பித்தவன், பாதியிலேயே போனை மனைவியிடம் கொடுத்துவிட்டேன்.

விடுமுறை முடிந்து திரும்பியபோது, மாடி முழுக்கக் கிண்டலோடு காத்திருக்கும் என்று நினைத்தேன். நானாக இருந்தால் அந்தக் கதையை மூன்று மாடிக்கும் விற்றிருப்பேன். ஒருத்தனுக்கும் தெரியவில்லை. வாட்ச்மேன்கூட வாய் திறக்கவில்லை. யார் சொல்லி வைத்தது என்று கேட்க வேண்டியதில்லை. மாலை ஏழு மணிக்கு வழக்கம்போல் கதவைத் தட்டி, டிக் போட்டு, என் கையில் ஒரு பேப்பரையும் செல்லோ டேப்பையும் கொடுத்தார். 'பழுது. பயன்படுத்த வேண்டாம்.'

"தாழ்ப்பாள் மாத்த ஒரு வாரம் ஆவும்ண்ணே. நீங்களே ஒட்டிடுங்க."

அவ்வளவுதான். அவர் என்னைத் திட்டியது அதுதான். நான்கு மூலையிலும் டேப் போட்டு, மேலே இன்னொரு சுற்றும் போட்டு ஒட்டினேன்.

இந்த வருடம் என் மகள் வெளியூரில் விடுதியில் சேர்ந்தாள். எல்லோரும் சாப்பாடு எப்படி, தண்ணீர் எப்படி என்று விசாரித்தார்கள். நான் அவள் மாடிக்குப் பொறுப்பான பெண்ணைத் தேடிப்போய், "சாவிப் பலகைய யாரும்மா பாக்குறது?" என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பார்க்கட்டும். காலியாக இருக்கிற ஓர் ஆணிக்காகப் பிடித்த சீட்டை விட்டு இறங்கி வருகிற ஒருவர் இருக்கிற மாடியில்தான் மனுஷன் தைரியமாகத் தாழ்ப்பாள் போட்டுக் குளிக்க முடியும் என்பது எனக்கல்லவா தெரியும்.