பெரிய வீட்டம்மா மருந்து வைத்த நடுத்தட்டு

புது பிரிட்ஜை இறக்கி வைத்துவிட்டுப் போன ஆட்கள் போகும்போது ஒன்று சொன்னார்கள். "ஒடனே ஸ்விட்ச் போட்டுடாதீங்கம்மா. வண்டில சாஞ்சு வந்திருக்கு. சாயந்தரம் வரைக்கும் சும்மா நிக்கட்டும். உள்ள இருக்கிற எண்ணெ எறங்கணும்." எனக்குத் தெரியாத விஷயமா? இருந்தாலும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டேன். தெரிந்ததையே ஒருத்தர் சொல்லும்போது தெரியாதவள் மாதிரிக் கேட்பது வயதான பிறகு எனக்கு வந்த பழக்கம். பேசுகிறவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் நிற்பார்கள், இல்லையா.

பழையதை அதே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சென்னையில் இருக்கும் மகளின் ஏற்பாடு. கூடத்தில் அது நின்ற இடம் மட்டும் தரை வெளுத்து, சதுரமாக இருக்கிறது. வீடு இவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதே இல்லை. அந்தப் பழைய பெட்டி கொஞ்ச நேரம் உறுமும், பிறகு பெருமூச்சு விட்டுவிட்டு அடங்கும், மறுபடி உறுமும். எங்கள் வீட்டுக்காரர் போன பிறகு, வீட்டில் என்னைத் தவிர மூச்சு விட்டது அது ஒன்றுதான். இப்போது புதியது வாய் திறக்காமல் நிற்கிறது. நானும் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். சாயங்காலம் வர நேரம் இருக்கிறது.

கதவைத் திறந்தால் புது ரப்பர் வாசனை. அதே வாசனைதான் அன்றைக்கும் வந்தது. எங்கள் வீட்டுக்காரர் குவைத்தில் கொத்தனார் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, தளம் போட்ட இந்த மெத்தை வீட்டைக் கட்டி, திருவாரூரிலிருந்து முதல் பிரிட்ஜைக் கொண்டுவந்து இறக்கியபோது கீழத்தெரு முழுக்க வாசலில் நின்றது. எங்கள் தெருவில் அதுதான் முதல் பெட்டி. நான் அன்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டிருந்தேன் என்றால் சிரிப்பீர்கள். கட்டிக்கொண்டுதான் இருந்தேன். பெட்டியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். மேலே பூப்போட்ட பிளாஸ்டிக் துணியைப் பின்பக்கம் வரைக்கும் தொங்கவிட்டேன். அது மூச்சு விட வேண்டிய இடம் பின்பக்கம்தான் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

இன்னொன்றும் செய்தேன். ராத்திரியானால் ஸ்விட்சை அணைத்துவிடுவேன். உழுதுவிட்டு வந்த மாட்டையே நுகத்தடியிலிருந்து அவிழ்த்துத் தண்ணி காட்டிக் கட்டுகிறோம், பகல் பூராவும் உழைக்கிற ஒன்றை ராத்திரியும் ஓடவிடுவது பாவம் இல்லையா? தினமும் காலையில் பால் திரிந்து கிடந்தது. பெட்டி சரியில்லை என்று கடைக்குச் சொல்லி மெக்கானிக்கை வரவழைத்தோம். அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"ஏம்மா, இது என்ன மாடா?"

எங்கள் வீட்டுக்காரர் உடனே, "பொட்டு வச்சிருக்கில்ல, அப்ப மாடுதான்" என்றார். தெருவில் ரொம்ப நாளைக்கு "அக்கா, மாட்ட அவுத்து வுட்டாச்சா?" என்று கேட்டே என்னைக் கொன்றார்கள்.

ஆனால் பெட்டியை நிறுத்திய விதத்தில் எங்கள் வீட்டுக்காரரை யாரும் குறை சொல்ல முடியாது. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, வெயில் விழாத, அடுப்புச் சூடு எட்டாத இடமாகப் பார்த்து வைத்தார். அதற்கென்று தனி பிளக். கொல்லையில் ஆள் இடுப்பளவு குழி தோண்டி, கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டுக் குழாய் இறக்கி, எர்த் கம்பியை இழுத்தார். "இந்தக் குழி காஞ்சா வீட்டுக்கே ஆபத்து. கோடையில ஊத்திக்கிட்டே இரு" என்பார். சித்திரை வைகாசியில் ஒரு குடம் அதற்கு ஊற்றிய பிறகுதான் செடிகளுக்கு ஊற்றுவேன். இன்றைக்கும் அப்படித்தான்.

அப்புறம் வோல்டேஜ். நாங்கள் வாய்க்காலின் கடைமடை. ஆற்றில் தண்ணீர் வந்தாலும் எங்கள் வயலுக்கு வந்து சேர்வது சந்தேகம். அதனால் எல்லா வயலிலும் மோட்டார். எல்லாரும் ஒரே நேரத்தில் மோட்டாரைப் போட்டால் வீட்டு விளக்கு தீக்குச்சி மாதிரி ஆகிவிடும். ஸ்டெபிலைசர் டக்கென்று பெட்டியை நிறுத்திவிடும். அது இல்லாமல் போட்ட வீடுகளில் கம்ப்ரசர் கருகிப்போனது. அறுவடை முடிந்தால் வயல் எலியெல்லாம் வீட்டுக்குக் குடிவந்து, பெட்டியின் அடியில் கதகதப்பாகப் படுத்துக்கொண்டு வயரைக் கடிக்கும். அதற்குக் காற்றுப் போகிற மாதிரிக் கம்பி வலை அடித்தார். மனுஷன் இருந்தவரை அந்தப் பெட்டிக்கு ஒரு நோவு வந்ததில்லை.

எர்த் என்றதும் பெரிய வீட்டம்மா ஞாபகம் வந்துவிடுகிறது. வராமல் எங்கே போகும்?

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மேலத்தெரு. அங்கே இருந்த பெரிய வீட்டின் கொல்லையில்தான் என் அம்மா அஞ்சலை சாணி அள்ளினாள், நெல் அவித்தாள். தாகம் என்றால் கொல்லைப்படியில் குனிந்து இரண்டு கையையும் குவிப்பாள். மேலே நின்று சொம்பிலிருந்து ஊற்றுவார்கள். நானும் சின்னவளாக இருக்கும்போது அப்படிக் குடித்திருக்கிறேன். தண்ணீர் முழங்கை வழியாக ஓடிப் பாவாடை நனையும். அந்தக் காலம் போய், நிலம் கைமாறி, மேலத்தெருப் பிள்ளைகள் எல்லாம் பெங்களூரு, அமெரிக்கா என்று போய், வீடுகளைப் பூட்டிவிட்டார்கள். பெரிய வீட்டில் அந்த அம்மா மட்டும் தனியாக இருந்தார். மகன் வாங்கிக் கொடுத்த பிரிட்ஜ் அந்த வீட்டில் தாக்குப்பிடிக்கவில்லை. பழைய காலத்து வயரிங், எர்த் கிடையாது, கதவைத் தொட்டால் ஷாக் அடிக்கும். புது வயர் இழுக்கச் சுவரைக் கொத்த வேண்டும் என்றதற்கு, "எங்க மாமனார் காலத்துச் சுண்ணாம்புச் செவுரு. ஒரு உளி படக் கூடாது" என்று எலக்ட்ரீஷியனைத் திருப்பி அனுப்பிவிட்டாராம். கடைசியில் அந்தப் பெட்டியும் எரிந்துபோனது.

அப்போதுதான் அவருக்குச் சர்க்கரை முற்றி, ஊசி மருந்து போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். மருந்து குளிர்ச்சியில் இருக்க வேண்டும். ஒரு நாள் காலையில் எங்கள் வாசல் கேட்டருகே வந்து நின்றார்.

"அஞ்சல மகதானே நீ? ஒங்க வீட்ல ஐஸ் பொட்டி இருக்காமே."

"இருக்குங்கம்மா. உள்ள வாங்க."

"இல்லல்ல, இருக்கட்டும். இந்த மருந்துக்கு ஒரு சின்ன எடம் கெடைக்குமா? மேல ஐஸ்ல வச்சிடாத, ஒறஞ்சா மருந்து செத்துடும்னு திருத்துறைப்பூண்டி நர்சம்மா சொல்லிச்சு. கதவுலயும் வேணாம். நடுத்தட்டுல வையி."

அன்றிலிருந்து நடுத்தட்டு அவருடையது. பக்கத்தில் மீனை வைப்பதை நிறுத்தினேன். சூடான குழம்பை எதையும் ஆறாமல் உள்ளே விடவில்லை. ஐஸ் கட்டினால் கத்தியால் குத்தாமல், அணைத்துவிட்டு, அதுவாக உருகும்வரை மருந்தை ஈரத்துணியில் சுற்றிப் பானையடியில் வைத்துக் காவல் இருந்தேன். அவர் காலையிலும் சாயங்காலமும் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் ஊசியை வைத்துக்கொண்டு வருவார். நான் சீசாவைக் கொண்டுபோய்க் கேட்டருகே கொடுப்பேன். எனக்கு முதுகைக் காட்டி, வெயிலில் தூக்கிப் பிடித்து மருந்தை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்.

உண்மையைச் சொன்னால் எனக்கு ஒரு ஆசை இருந்தது. அவர் என் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும். பணமோ நன்றியோ வேண்டாம். ஒரு வாய்த் தண்ணீர். அதற்கென்றே கும்பகோணத்தில் ஒரு வெள்ளி டம்ளர் வாங்கினேன். துலக்கி, தண்ணீர் ஊற்றி, மூடி போட்டு, மருந்துக்குப் பக்கத்திலேயே வைத்தேன். தினமும் பழைய தண்ணீரைக் கொட்டிப் புதிது நிரப்புவேன்.

"அம்மா, சில்லுன்னு ஒரு வாய் தண்ணி?"

"வேணாம். இப்பதான் குடிச்சிட்டு வரேன்."

எங்கள் வீட்டுக்காரருக்கு இது வேடிக்கை. "அந்த டம்ளருக்கு நாமளே ஒரு கல்யாணம் பண்ணி வச்சிடலாம். அந்தம்மா குடிக்கப் போறதில்ல, நீ வுடப் போறதில்ல" என்பார். எனக்குக் கோபம் வரும். இரண்டு பேருக்கும் வீம்புதான், என் வீம்புக்குப் பிளக் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கார்த்திகை மழையில் வெளிச்சம் போதாமல், ஊசியின் கோடு தெரியவில்லை என்று முதன்முதலாகக் கூடத்துக்குள் வந்தார். டியூப் லைட்டுக்குக் கீழே நின்று, "நீ பாத்துச் சொல்லு" என்றார். எனக்கு எழுத்துதான் தடுமாறும், நம்பர் நன்றாக வரும். சொன்னேன். பிறகு தினமும் நான்தான் பார்த்துச் சொன்னேன். உள்ளே வந்தார், நின்றார், உட்காரவில்லை. தண்ணீர் இப்போதுதான் குடித்திருந்தார்.

அந்தப் பெரும்புயல் வந்த வருஷம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். விடிந்து பார்த்தால் தென்னை ஒன்றும் நிற்கவில்லை. கரண்ட் கம்பங்கள் வயலில் படுத்துக் கிடந்தன. எங்கள் வீட்டுக்காரரும் தெரு ஆட்களும் முறிந்த மரங்களைத் தாண்டிப் போய், ஓடெல்லாம் பறந்துபோன பெரிய வீட்டிலிருந்து அந்த அம்மாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். நனைந்த கோழி மாதிரி இருந்தார். என் புடவையைக் கொடுத்தேன், உடுத்திக்கொண்டார். கூடத்தில் பாய் போட்டேன்.

கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் வீட்டுக்காரர் முதல் வேலையாக பிளக்கைப் பிடுங்கினார், வரும்போது திடீரென்று ஏறி வந்தால் பெட்டி போய்விடும் என்று. பிறகு கதவைச் சுற்றி வைக்கோல் பிரியால் ஒரு கட்டுப் போட்டார். "ஊசி நேரம் தவிர எவனும் தொறக்கக் கூடாது. மூடியிருந்தாத்தான் குளிர்ச்சி உள்ள நிக்கும்." கையே பழகிப்போய்த் திறக்கும் அல்லவா, அதற்குத்தான் கட்டு.

மத்தியானம் அந்த அம்மா எழுந்து உட்கார்ந்தார். உதடெல்லாம் காய்ந்திருந்தது.

"தண்ணி இருக்கா?"

எத்தனை வருஷமாகக் காத்திருந்த கேள்வி. ஓடினேன். வைக்கோல் முடிச்சில் கை வைத்துவிட்டேன். டம்ளர் உள்ளேதானே இருக்கிறது!

"ஏய், ஏய்! அதத் தொறக்காதடி. மருந்து கெட்டுப் போயிடும்."

"ஒங்களுக்குன்னு தண்ணி வச்சிருக்கேம்மா, உள்ள..."

"பானையில இல்லியா? அது போதும், கொண்டா."

வெளியே இருந்தது நான் குடிக்கிற எவர்சில்வர் டம்ளர்தான். விளிம்பில் ஒடுக்கு விழுந்தது. அதில் மொண்டு கொடுத்தேன். அண்ணாந்து குடிக்கத் தூக்கினார். தண்ணீர் புடவையில் கொட்டியது. இறக்கி, உதட்டில் வைத்து, எச்சில் பட மடக் மடக்கென்று குடித்தார். "இன்னும் கொஞ்சம்" என்றார். ஊற்றினேன். எனக்குள் பெரிதாக ஏதோ நடக்கும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கிழவிக்குத் தாகம், குடித்தாள். அவ்வளவுதான்.

உள்ளே குளிர்ச்சி அடங்கியதும் மருந்தை மணல் பானைக்கு மாற்றினோம். பெரிய சட்டியில் ஈரமணல், அதற்குள் சின்னச் சட்டி, மேலே ஈரத்துணி. மணல் காயாமல் இரண்டு பேரும் முறை வைத்துத் தண்ணீர் தெளித்தோம். அப்போதுதான் பேச்சு வந்தது. என் அம்மா நாற்று நடும்போது பாடுவாள் என்பதை அவர் சொல்லித்தான் நான் நினைத்துக்கொண்டேன். தன் மாமியார் தன்னையும் மாதம் மூன்று நாள் கொல்லையில்தான் ஒதுக்கி வைப்பார், தனக்கும் தண்ணீர் மேலேயிருந்துதான் விழும் என்றார். இரண்டும் ஒன்றில்லை என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும். நான் மணலுக்குத் தண்ணீர் தெளித்தேன், அவர் வேறு பேச்சுக்குப் போனார்.

வீட்டை ஓரளவு செப்பனிட்டுக்கொண்டு அவர் திரும்பிப் போன பிறகும் வருவது நிற்கவில்லை. ஊசி போட்ட பிறகும் போகமாட்டார். எங்கள் வீட்டுக்காரர் இறந்தபோது மேலத்தெருவிலிருந்து வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தது அவர் ஒருவர்தான். அதற்குப் பிறகு காலையில் வந்தால் வெயில் தாழ்ந்துதான் கிளம்புவார். பேச ஒன்றும் இருக்காது. பெட்டி உறுமும்போது இருவரும் கேட்டுக்கொண்டிருப்போம்.

பிறகு ஒரு நாள் மகன் அமெரிக்காவிலிருந்து பெங்களூருக்கே திரும்பி வந்து, அவரையும் அங்கே அழைத்துப் போனான். காரில் ஏறும்போது, "அங்க பொட்டி தானா ஐஸ் கொட்டுமாம்டி. எனக்கெதுக்கு அது?" என்றார். ஆரம்பத்தில் மகனுடைய போனிலிருந்து பேசுவார். "மழையா? வாய்க்கால்ல தண்ணி வந்துச்சா?" அவ்வளவுதான் கேட்பார். அதுவும் குறைந்து, நின்றது. எனக்கு அந்த நம்பருக்குத் திருப்பிக் கூப்பிடக் கூச்சமாக இருந்தது.

இப்போது எல்லா வீட்டிலும் பிரிட்ஜ். ஐஸ் கேட்டோ, மாவு வைக்க இடம் கேட்டோ யாரும் யார் வாசலுக்கும் வருவதில்லை. போன பங்குனியில் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் லாரிச் சத்தம் கேட்டுப் போனேன். பெரிய வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். தேக்குத் தூண்களும் நிலைக்கதவும் லாரியில் கிடந்தன. உளி படக் கூடாது என்ற சுண்ணாம்புச் சுவர் பொடியாகக் குவிந்திருந்தது. மரம் ஏற்றிக்கொண்டிருந்தவரிடம், "அம்மா வந்திருக்காங்களா?" என்று கேட்டேன்.

"எந்தம்மா? வீட்டுக்காரம்மாவா? அவங்க போயி நாளாச்சே. ஐப்பசியிலயே. ஒங்களுக்குச் சொல்லலியா?"

என்னிடம் யார் சொல்வது? நான் யார் அவர்களுக்கு?

வீட்டுக்கு வந்து கொல்லைக் குழாயடியில் உட்கார்ந்து, கட்டின புடவையோடு தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். சாவுச் செய்தி பிந்தி வந்தால், கேட்ட நிமிஷத்தில் அப்படி ஊற்றிக்கொள்வது பங்காளிகள் செய்வது. குடம் குடமாக ஊற்றினேன்.

தலை துவட்டுவதற்குள் மகள் வீடியோவில் கூப்பிட்டாள்.

"ஏம்மா, உச்சி வெயில்ல தல முழுகியிருக்க? யாரும்மா போயிட்டாங்க?"

"யாருமில்லடி. ஒரே புழுக்கம்" என்றேன்.