இழைமாறன் இறங்கிய இடம்

போன வாரம் நண்பர் ஒருவர் தன் மகளின் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தார். நான் பிரிக்கவில்லை. மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தேன். "தேதி உள்ளே இருக்கு சார்…" என்றார், கொஞ்சம் கவலையோடு.

என்ன செய்வது? அந்த மை வாசனை வந்தால் எனக்குக் கல்யாணம் ஞாபகம் வருவதில்லை. அந்தரத்தில் நிற்கும் ஒரு ஆள்தான் ஞாபகம் வருகிறான்.

எழுபதுகளின் நடுவில் ஆரணிக்குப் போய்ச் சேர்ந்தேன். ஏழாவதோடு நின்ற படிப்பு. வந்தவாசியில் கடலை மில், அப்புறம் லாரி கிளீனர், அப்புறம் எதுவுமில்லை. ஆரணியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஒரு பிரஸ்ஸில், காலால் மிதித்து ஓட்டும் மிஷினுக்கு ஆள் வேண்டும் என்றார்கள். எனக்குக் கால் இருந்தது. சேர்ந்துவிட்டேன். பேப்பர் கட்டுகளின் மேல் படுக்கை.

அங்கே சிநேகிதமானவன் ஏழுமலை. என் வயசுதான். பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிறவன். கட்டம் போட்ட தாளில் பூவோ பட்சியோ வரைந்து கொடுப்பான். அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை குத்துவார்கள். தறி அந்த ஓட்டைகளின்படி நெய்யும்.

மிச்சமான கட்டத்தாளில் அவன் ஒரு ஆளை வரைந்து வைத்திருந்தான். பெயர் இழைமாறன். நெய்யப்போகும் பட்டு இழைகளைக் காலையில் தெருநீளத்துக்கு இழுத்துக் கட்டுவார்கள் அல்லவா, அதன் மேல் நடப்பான். ஒரு இழையைப் பிடித்தால் அது போகும் இடமெல்லாம் பறப்பான். எடை? ஒரு பட்டுக்கூட்டின் எடை. கட்டத்தாளில் பழகிய கைக்கு வளைவு வராது. அதனால் எங்கள் வீரனுக்கு மூக்கு படிக்கட்டு மாதிரி இருக்கும்.

"இத புஸ்தகமா போடலாம்டா" என்றேன். பிரஸ் முதலாளியிடம் போய் நின்றோம்.

"முகூர்த்த மாசத்துல வந்தீங்க, மை டப்பாவாலயே அடிப்பேன். ஆடியிலயும் மார்கழியிலயும் மிஷின் சும்மாதான கீது? பேப்பர் உங்களுது. உங்க ஆளு பறந்துகினு போவட்டும்."

கல்யாணம் இல்லாத மாதங்களில் மட்டும் வெளிவந்த வீரன் வேறு எங்காவது உண்டா? பதினாறு பக்கம். படங்களை அச்சடிக்க வேலூரில் தகட்டு ப்ளாக் செய்து வாங்கினோம். கலர், பத்திரிகைக்கு வைத்திருந்த மஞ்சளும் சிவப்பும்தான். வீரன் மஞ்சள்… வில்லன் சிவப்பு. பஸ் ஸ்டாண்டு கடையில் கயிற்றில் தொங்கவிட்டு விற்றோம். முதல் புத்தகத்தில், கமண்டல நதி வெள்ளத்தில் மாட்டிய போளூர் பஸ்ஸை ஒற்றை இழையால் இழுத்துக் கரையேற்றினான். டிரைவர்கள்கூட வாங்கிப் படித்தார்கள். காலை வெயிலில் தெருவில் பட்டு இழைகள் மினுங்கும்போது, போகிறவர்கள் சும்மாவாவது ஒருமுறை மேலே பார்ப்பார்கள். நானும் பார்ப்பேன்.

மூன்றாவது புத்தகம். கடைசிப் பக்கத்தில், ஆரணிக் கோட்டைக்கு மேலே, இழையின் நுனி அவன் கையைவிட்டு நழுவுகிறது… தொடரும்.

தொடரவில்லை. முதலாளிக்கு பீடி லேபிள் ஆர்டர் வந்துவிட்டது. ஆடி பிறந்ததும் போய் நின்றோம்.

"பீடிக்கு ஆடி ஏது, மார்கழி ஏது? போங்கடா, பேஜார் பண்ணாம!"

வேறு பிரஸ்களில் எங்களை உள்ளேயே விடவில்லை. டீக்கடையில் கேலி ஆரம்பித்தது.

"இன்னா ஏழுமல, உன் ஆளு எறங்கிட்டானா, இன்னும் அந்தரத்துலயேதான் கீறானா?"

"சோறு தண்ணி இல்லாம மேலயே கீறாம்பா, பாவம்!"

அவர்களுக்கு விளையாட்டு. ஏழுமலை டீக்கடைக்கு வருவதையே நிறுத்தினான். ஒருநாள் இழை சுற்றும் ஒரு அம்மா அவனை வழிமறித்து, "எப்பா, அவன் உயிரோட கீறானா இல்லியா, அத மட்டும் சொல்லிடு" என்றார். இவன் விலகி நடையைக் கட்டினான்.

"சொல்லிட வேண்டியதுதானடா?" என்றேன்.

"வாயில சொன்னா நாளைக்கி வேற மாதிரி சொல்வேன். எதுலயாவது பதிஞ்சாதான்டா அவன் எறங்கினதா அர்த்தம்."

ஐப்பசியில் ஒரு ஜவுளி வியாபாரி அவனிடம் பார்டர் டிசைன் ஒன்று கேட்டார். வரிசையாக அன்னப்பட்சி. வரைந்து முடித்த தாளை எனக்குக் காட்டினான். அன்னம், அன்னம், அப்புறம் — படிக்கட்டு மூக்கோடு ஒரு ஆள். இரண்டு காலும் தரையில். கையில் இழை.

"மாட்டினா இருக்கற வேலயும் போயிடும்டா" என்றேன்.

"போவட்டும். எத்தினி மாசமாடா அவன் மேலயே கீறான்?"

அட்டை குத்துகிறவர் பார்த்தார். நெய்கிறவர் பார்த்தார். யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. அவர்களும் மூன்றாவது புத்தகம் வாங்கியவர்கள்தானே!

பார்டரில் போட்டது ஒரே தடவையோடு நிற்காது. புடவை முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். ஆறு கஜத்துக்கும் இழைமாறன் இறங்கினான், இறங்கினான், இறங்கிக்கொண்டே இருந்தான். ஜரிகையில் மின்னினான். எங்கள் அச்சில் ஒருநாளும் அவன் அப்படி மின்னியதில்லை.

வியாபாரி முதல் புடவையை மடியில் விரித்துப் பார்த்தார். விரல் நின்றது.

"இன்னாய்யா இது? அன்னத்துக்கு நடுவுல ஆளு?"

ஏழுமலை தரையைப் பார்த்தான். நான் கதவைப் பார்த்தேன்.

அவரே புடவையைக் கண்ணருகே தூக்கினார். "மாப்ளையா? கையில இன்னாது… தாலிக்கயிறா?"

"ஆ… ஆமாங்க."

"நல்லாத்தான் கீது! இன்னும் பத்து போடு. ஜல்தி!"

மறுநாள் ஏழுமலை டீக்கடைக்கு வந்தான். யாரும் கேட்பதற்கு முன்னால், "எறங்கிட்டான்பா" என்றான். டீயை முழுக்கக் குடித்தான். என் கால் ஓரிடத்தில் நிற்காது. தை பிறக்குமுன் ஆரணியைவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

நாங்கள் போட்ட புத்தகம் ஒன்றுகூட இன்று என்னிடம் இல்லை. ஆனால் கல்யாணப் புடவையை யார் தூக்கிப் போடுகிறார்கள்? ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு பீரோவில், பாச்சை உருண்டை வாசனைக்கு நடுவே அவன் நின்றுகொண்டிருப்பான்…

பட்டுப்புடவையை அவ்வப்போது பிரித்து, மடிப்பு மாற்றி வைப்பீர்கள் இல்லையா? அப்போது பார்டரில் அன்னங்களுக்கு நடுவே கொஞ்சம் பாருங்கள்.

இருந்தால், மடிப்பு அவன் கழுத்தில் விழாமல் மடித்து வையுங்கள்.