நாற்பத்தைந்து நிமிடக் கடல்

1. ரிக்ரியேஷன்

திங்கட்கிழமை காலை எம்.டி. என்னைக் கூப்பிட்டு, பிரிண்ட் எடுத்த ஈமெயில் ஒன்றை மேசையில் என் பக்கம் தள்ளினார். திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் நான் அப்போது ஹெச்.ஆர். மேனேஜர். அதற்கு முன்பு அதே வேலைக்கு டைம் ஆபீசர் என்று பெயர். வெளிநாட்டு பையர் ஒருவர் வந்து, "உங்கள் ஹெச்.ஆர். யார்?" என்று கேட்ட அன்று மத்தியானமே எனக்குப் பதவி உயர்வு கிடைத்துவிட்டது.

"ஏனுங்க ஆறுமுகம், ரிக்ரியேஷன்னா என்னங்க?" என்றார் எம்.டி.

"பொழுதுபோக்குங்க சார்."

"நம்ம ஆளுகளுக்குக் குடும்பத்தோட என்ன பொழுதுபோக்கு பண்ணிக் குடுக்கறீங்கன்னு பையர் கேட்டிருக்கானுங்க. காலைல எட்டரைக்கு உள்ள வந்தா பொழுது தன்னால போயிருதுங்களே. இதுக்கு மேல எப்படிங்க போக்கறது?"

இந்த பையர் குழந்தைகளுக்கான பீச் டி-ஷர்ட் வாங்குபவர். வருடம் முழுக்க வெயில் அடிக்கும் ஏதோ ஒரு கடலோரச் சுற்றுலா நகரத்தில் அவருக்குக் கடைகள் இருந்தன. தென்னை மரம், டால்பின், அலை, கூலிங் கிளாஸ் போட்ட நண்டு என்று எங்கள் பிரிண்டிங் பிரிவில் ஆறு கலரில் கடல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மாதத்தில் ஆடிட். தொழிலாளர் குடும்ப நலனுக்கு ஆதாரம் காட்டாவிட்டால் அடுத்த சீசன் ஆர்டர் வங்கதேசத்துக்குப் போய்விடும்.

"எங்கயாச்சும் கூட்டிட்டுப் போய் போட்டோ எடுத்துட்டு வந்துருங்க. திங்கக்கெழம எட்டரைக்கு லைன் ஓடோணும்."

2. டைம் அண்ட் ஆக்ஷன்

பையர்களின் ஆர்டர்களைக் கவனிக்கும் எங்கள் மெர்ச்சண்டைசர் ரமேஷ் கெட்டிக்காரன். பையரின் ஊரைப் பற்றி, "குடும்பத்தோடு பார்க்க வேண்டிய இடங்கள்" என்று ஒரு துண்டுப் பிரசுரம் அவனிடம் இருந்தது. சாம்பிளைப் பார்த்து பீஸ் தைப்பதுபோல, அதைப் பார்த்தே எங்கள் டூரைத் தயார் செய்தான். பையர் ஊரில் மீன் கண்காட்சி, சிறுவர் ரயில், படகுச் சவாரி, மியூசியம், கடற்கரை, டால்பின் ஷோ எல்லாம் இருந்தன. புதுச்சேரியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜோடி கண்டுபிடித்துவிட்டான். டால்பின் மட்டும் உதைத்தது.

"கோயில்ல ஆனை இருக்குதுங்க சார். தும்பிக்கைல தண்ணி பீச்சும். டால்பினுக்கு பதிலா அப்ரூவல் வாங்கிக்கலாம்."

ஷிப்மென்ட்டுக்குப் போடும் டைம் அண்ட் ஆக்ஷன் ஷீட்டிலேயே டூரையும் போட்டான். அதில் கடலுக்கு நாற்பத்தைந்து நிமிடம். செருப்புக் கழற்ற ஐந்து, கால் நனைக்க இருபத்தைந்து, பேனர் பிடித்து போட்டோ பத்து, மணல் தட்ட ஐந்து. எம்.டி. அதைப் படித்துவிட்டு, "மணல் தட்டறத பஸ்ல ஏறிட்டே பண்ணிக்கலாமுங்களே" என்றார்.

டூர் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாயிற்று. இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். தீபாவளிக்குப் பிறகு எங்கள் கம்பெனியில் ஞாயிறு என்று ஒன்று இருக்கவில்லை. ஆர்டர் அப்படி. ஆனால் ஒவ்வொரு ஆடிட்டுக்கு முன்பும் கேன்டீனில் எல்லோரையும் நிற்க வைத்து நான் டிரெய்னிங் கொடுப்பேன்.

"வாரத்துக்கு எத்தனை நாள் வேலை?"

"ஆறு நாளுங்க!"

"ஞாயித்துக்கெழம?"

"லீவுங்க!"

வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல நானூறு பேரும் சேர்ந்து சொல்வார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. எங்கள் தெருவில் வேறெந்த கம்பெனியிலும் இவ்வளவு சுத்தமாகச் சொல்ல மாட்டார்கள்.

3. லைன் நின்றது

சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் இரண்டு பஸ்ஸில் ஏறினோம். தொழிலாளர்களும் குடும்பங்களுமாக நூறு பேர். எல்லோருக்கும் கம்பெனி பெயர் போட்ட மஞ்சள் டி-ஷர்ட். சேலைக்கு மேல் அதைப் போட்டுக்கொண்ட பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். சுனாமி வந்துபோய் இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. ஓவர்லாக் டெய்லர் துளசிமணிக்கு அந்தப் பயம் போகவில்லை. திருப்பூரை ஒட்டிய மண்ணரையிலிருந்து வருகிறவர். ஏழு வயது மகள் காவ்யாவோடு வந்திருந்தார்.

"ஏனுங்க சார், சுனாமி கினாமி வந்துராதுங்களே?"

"ஷெட்யூல்ல இல்லீங்க" என்றான் ரமேஷ்.

புதுச்சேரியில் காலை ஒன்பது மணிக்கு முதல் ஐட்டம். உப்பங்கழியைப் படகில் தாண்டினால் அந்தப் பக்கம் மணல், அதற்கப்பால் கடல். படகுச் சவாரி, கடற்கரை என்று இரண்டு ஐட்டம் ஒரே இடத்தில் முடிந்துவிடும் என்பது ரமேஷின் கணக்கு.

படகை விட்டு இறங்கியதும் நூறு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். பிரிண்டிங் டேபிளில் பத்து வருடம் அலை அடித்த சின்னச்சாமி மட்டும், "கலர் தப்பாப் போட்டுட்டிருக்கமுங்க சார்" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு யாரோ ஒரு குழந்தை ஓட, எல்லோரும் ஓடினார்கள்.

நாற்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. விசில் அடித்தேன். யாருக்கும் கேட்கவில்லை, அல்லது கேட்காத மாதிரி இருந்தார்கள். முழங்கால் தண்ணீரில் பெண்கள் கைகோத்து நின்று அலை வரும்போதெல்லாம் கத்தினார்கள். சூப்பர்வைசரும் செக்கிங் பெண்களும் ஒரே வரிசையில் நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

ஒவ்வொருவராகக் கிளப்பலாம் என்று துளசிமணியைத் தேடிப் போனேன். கரையில் மல்லாந்து கிடந்தார். இடுப்பு வரை மணல். மகள் குவித்தது. வெயில் நேராக முகத்தில் அடிக்க, வாய் லேசாகத் திறந்தபடி நல்ல தூக்கம். நான் குனிந்ததும் காவ்யா என் கையைப் பிடித்தாள்.

"மாமா, எழுப்பாதீங்க."

"பஸ்ஸுக்கு நேரமாச்சு கண்ணு. ரயில்ல போவோணுமல்ல?"

"ரயில் வேண்டாமுங்க. எங்கம்மா பகல்ல தூங்கி நான் பாத்ததே இல்லீங்க."

அந்தப் பிள்ளை தன் டி-ஷர்ட்டைக் கழற்றி, அம்மா முகத்துக்கு மேலே இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றது. நான் விசிலைப் பைக்குள் போட்டேன். அந்த நேரம் பார்த்து எம்.டி. போன்.

"கடல் முடிஞ்சுதுங்களா?"

"இன்னும் ஓடிட்டிருக்குதுங்க சார்" என்றேன்.

4. டிரான்ஸ்போர்ட் டிபார்ட்மென்ட்

நாங்கள் மாலை நாலு மணி வரை அங்கேயே இருந்தோம். சாப்பாடும் படகில் வந்தது. ரமேஷுக்கு அழுகை வராத குறை. கடைசியில் பேனரை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போனான். கூடப் போக ஆள் இல்லாததால், பஸ் டிரைவர்கள் இருவருக்கும் எங்களோடு வந்த சமையல்காரர்கள் இருவருக்கும் மஞ்சள் டி-ஷர்ட் மாட்டிவிட்டுக் கூட்டிப்போனான்.

ஆடிட் அன்று, ரமேஷ் அங்கெல்லாம் எடுத்த போட்டோ ஆல்பத்தைப் பெங்களூரிலிருந்து வந்த ஆடிட்டர் அம்மா புரட்டினார். மீன் கண்காட்சியில் பெரிய மீசை வைத்த நான்கு பேர். மியூசியத்தில் அதே நான்கு பேர். சிறுவர் ரயிலில் முழங்கால் தாடையில் இடிக்க, சிரிக்காமல் நான்கு பேர். யானை அருகில் மூன்று பேர்; ஒருவருக்கு யானை பயம்.

"இவங்க எந்த டிபார்ட்மென்ட்?"

"டிரான்ஸ்போர்ட்டுங்க மேடம்."

"இவங்களோட ஃபேமிலி?"

"குழந்தைகளுக்குப் பரீட்சைங்க" என்றான் ரமேஷ். ஆடிட்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். பிறகு தொழிலாளர்களைத் தனித்தனியாக விசாரிக்கக் கேன்டீனுக்குப் போனார். நிர்வாகத்தார் யாரும் உள்ளே போகக் கூடாது.

ஒரு மணி நேரம் கழித்து துளசிமணி டைம் ஆபீஸ் ஜன்னல் பக்கம் வந்து நின்றார்.

"சார், வாய் தவறிப்போட்டேனுங்க."

"என்ன சொன்னீங்க?"

"ஆறு நாள், ஞாயிறு லீவு, எல்லாஞ் சரியாத்தான் சொன்னனுங்க. அப்புறம் அந்தம்மா நோட்டை மூடி வச்சுட்டு, கடலுக்குப் போனீங்களாமே, எப்படி இருந்துச்சுன்னு கேட்டாங்க. நானும் சொல்ல ஆரம்பிச்சுட்டனுங்க. பாப்பா மண்ணு போட்டது, நாந் தூங்குனது எல்லாம். அந்தச் சந்தோசத்துல, தீவாளிக்கு அப்புறம் அன்னிக்குத்தானுங்க ஞாயித்துக்கெழம எம் புள்ளையோட இருந்தேன்னு வந்துருச்சுங்க." கையைப் பிசைந்தார். "என்னைய நிறுத்திப் போடுவாங்களா சார்?"

வேலைக்குப் போங்க என்று மட்டும் சொன்னேன்.

5. க்ளோசிங் மீட்டிங்

ஆடிட்டர் அம்மா நிதானமாகப் படித்தார். குடும்பச் சுற்றுலா, பாராட்டத்தக்கது. வார விடுமுறை, மேஜர் நான்-கம்ப்ளையன்ஸ், அதாவது பெரிய விதிமீறல்; தீபாவளிக்குப் பிறகு கிடைத்த ஒரே ஞாயிறு கடலுக்குப் போன அன்றுதான். ஆறு மாதத்துக்கு ஞாயிறு கட்டாய விடுமுறை. இடையில் சொல்லாமல் வந்து பார்ப்பார்கள். ஒத்துக்கொண்டால் ஆர்டர் இருக்கும். எம்.டி. கையெழுத்துப் போட்டு, காபி கொடுத்து, கார்க் கதவைத் திறந்துவிட்டு அனுப்பி வைத்தார். திரும்பி வந்து கதவைச் சாத்தினார்.

"மலைக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா இந்தப் பிரச்சினை வந்திருக்குமுங்களா?"

கையெழுத்துப் போட்ட பேனாவை மூடி வைத்தார்.

"யாருங்க சொன்னது? பேர் வேணுமுங்க."

எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அந்த அறையில் பதினோரு வருடமாக அவர் கேட்டு நான் சொல்லாமல் விட்டது எதுவும் இல்லை. என் நாக்கில் அந்தப் பெயர் இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். வெயிலுக்கு டி-ஷர்ட் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பிள்ளையின் கைகள் நினைவுக்கு வராமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

"நாந்தானுங்க" என்றேன்.

"என்னங்க?"

"ரெக்கார்டைக் கேட்டாங்க. ஒளறிப்போட்டனுங்க சார்."

அவர் நம்பவில்லை. ஆனால் நான் அப்படிச் சொன்ன பிறகு வேறு பெயர் கேட்க அவருக்கு வழியில்லை. அடுத்த வாரம் என்னை ஆக்சஸரீஸ் ஸ்டோர்ஸுக்கு மாற்றினார். பட்டனுக்கும் ஜிப்புக்கும் டிரெய்னிங் கொடுக்கத் தேவையில்லை என்பது ஒரு வசதி. துளசிமணியை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆறு மாதம் ஞாயிறு ஞாயிறாகவே இருந்தது. அப்புறம் மாதத்தில் இரண்டு போயின. மீதி இரண்டை எடுக்க எம்.டி.க்குத் துணிவு வரவில்லை.

இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் ஆடிட் டிப்ஸ் கேட்கிறார்கள். ஒன்றுதான் சொல்வேன். ஒரு ஆளுக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று நீங்கள் சொல்லிக்கொடுக்க நேர்ந்தால், தப்பு அந்த ஆளிடம் இல்லை, உங்கள் ரெஜிஸ்டரில் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பதினோரு வருடமும் ஒரு டூரும் ஆயின.

விடுமுறை வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, திருப்பூர் ராயபுரத்தில் என் வீட்டில் காலை பத்து மணிக்குச் சும்மா உட்கார்ந்திருந்தேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. என் மனைவி இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டு, மூன்றாவது முறை காய்ச்சல் மாத்திரையும் சுடுதண்ணீருமாக வந்தாள்.

"உடம்புக்கு என்னங்க?"

"ஒண்ணுமில்ல. உனக்கு எங்கயாச்சும் போவோணுமா?" என்று கேட்டேன்.

அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள்.