வரும் அண்ணன் விற்ற பண்ணை

ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, மறுகையால் காற்றில் ஒரு சாலை போடுகிறார். “இப்படியே நேரா வந்து, இந்த எடத்துல திரும்பும் சார்.” சாலை போட்ட கையோடு அதன் ஓரத்தில் ஒரு பள்ளிக்கூடமும், சற்றுத் தள்ளி ஒரு மருத்துவமனையும் எழுப்பிவிடுகிறார். எதிரே இருப்பதென்னவோ முள்ளும் கல்லும்தான். ஆனாலும் நிலம் பார்க்க வந்த ஒருவர், அந்த மருத்துவமனைச் சுவரில் இடித்துக்கொள்ளாமல் ஒதுங்கி நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

நிலத் தரகர். எங்கள் வட்டாரத்தில் ‘வரும் அண்ணன்’ என்றால்தான் தெரியும். அவர் கணக்கில் ரயில் வரும், தண்ணீர் வரும், பெரிய பெரிய கம்பெனிகள் வரும். எப்போது என்று கேட்டால் மட்டும் செருமிக்கொள்வார். விற்பனைக்கு வரும் இடங்களைப் படம் எடுத்துக் கொடுப்பது என் பிழைப்பு என்பதால் கூடவே சுற்றுகிறேன். வெள்ளைச் சட்டை, முகம் தெரியும் ஷூ, கழுத்துப் பக்கம் தாராளமாக சென்ட். பொட்டல்காட்டுக்கு எதற்கு சென்ட் என்றால், “நிலத்துக்கு ஏது தம்பி வாசனை, நாமதான் குடுக்கணும்” என்பார்.

அப்படிப்பட்டவர் கையில் அந்தப் பண்ணை வந்து சேர்ந்தது. ரசாயனம் படாத மண், வெயிலில் ஓடும் பம்பு, மழைநீர்த் தொட்டி, தேனீப் பெட்டிகள். பண்ணைக்காரருக்குப் பார்வை மங்கிக்கொண்டே போனதால், மகள் வீட்டுப் பக்கம் போய்விட கணவனும் மனைவியும் முடிவெடுத்திருந்தார்கள். பண்ணைக்கு மூன்று பக்கம் காப்புக்காடு. நான்காவது பக்கம், பறவைகளுக்கென்று ஒதுக்கிய ஏரி. மனை பிரிக்கக் கூடாது, புதிதாக எதுவும் கட்டக் கூடாது என்று பத்திரத்திலேயே நிபந்தனை. சுருக்கமாகச் சொன்னால், எதுவுமே வர முடியாத இடம்.

ஆனால் முதல் நாளே ஒன்று வந்தது. சென்ட் வாசனைக்குத் தேனீக்கள் கிளம்பிவிட்டன. அண்ணன் ஓடிய ஓட்டத்தில் ஒரு ஷூ உரக்குழியில் தங்கிவிட்டது. பண்ணைக்கார அம்மா அதை எடுத்துக் கழுவிக் கொடுத்து, இனிமேல் எதுவும் பூசிக்கொள்ளாமல் வரும்படி பதமாகச் சொன்னார்.

அண்ணன் அசரவில்லை. பறவை வரும் என்றார். மான் வரும் என்றார். வாங்க வந்தவரின் மனைவி, மானுக்குப் பின்னால் என்ன வரும் என்று கேட்டுவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார்.

பிறகு ஒரு விடுதி முதலாளி வந்தார். இடம் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கேட்ட விலைக்குத் தயார். ஒரே ஒரு சந்தேகம்தான்: இந்த நிபந்தனையெல்லாம் நாளடைவில் தளர்ந்துவிடுமா? ‘தளரும்’ என்று ஒரு வார்த்தை போதும். அண்ணன் காலமெல்லாம் சொல்லிவந்த ‘வரும்’ போன்ற வார்த்தைதான். பக்கத்தில் பண்ணைக்காரர் அவரைக்கொடியை விரலால் தடவித் தடவிக் காய் பறித்துக்கொண்டிருந்தார். அண்ணன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“தளராது சார். நீங்க வேற எடம் பாருங்க.”

அன்று படங்களைக் கொடுக்க அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி என்னை நிற்கவைத்துக் கேட்டார்: “வராததை எல்லாம் வரும் வரும்னே சொன்ன மனுஷன், நம்ம வீட்டுக்கு நாலு காசு வர்ற நேரத்துல மட்டும் உண்மையைப் பேசிட்டு வந்திருக்காரே, இது நியாயமா?” அண்ணன் தட்டிலிருந்து நிமிராமலே சொன்னார்: “பொய் சொல்லக்கூட ஒரு பக்கமாவது தொறந்திருக்கணுமில்ல. அங்க நாலு பக்கமும் அடைச்சிருக்கு.” அண்ணி சிரிக்கக் கூடாது என்று பார்த்தார். முடியவில்லை.

அதற்குப் பிறகு நெடுநாள் யாரும் வரவில்லை. கடைசியில் வந்தது ஓர் அக்காவும் தங்கையும். நாற்று வளர்த்து விற்பவர்கள். வாடகைக்கு எடுத்திருந்த இடத்தின் நடுவே நெடுஞ்சாலை வந்துவிட்டதாம். அண்ணன் காற்றில் போட்டவற்றில் ஒன்று தப்பித் தவறிப் பலித்துவிட்டது போலும்.

“இங்கயும் ரோடு வருமாண்ணே?” என்று அக்கா பயந்துகொண்டே கேட்டார்.

பழக்கதோஷத்தில் கை எழும்பியது. அண்ணன் அதைப் பிடித்துக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். “வராதும்மா. ரோடு வராது, கட்டடம் வராது. போன் சிக்னலே ஆடிக்கிட்டுத்தான் நிக்கும்.”

அக்கா நீளமாக மூச்சுவிட்டார். தங்கை அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு பாத்தியில் இறங்கியிருந்தார். பண்ணைக்காரர் குரல் வந்த திசைக்குத் திரும்பி, அங்கே என்ன போடுவதாக உத்தேசம் என்று விசாரித்தார். பேச்சு மண்ணுக்கும் விதைக்கும் போய்விட்டது. பொழுது சாயும்வரை தரகர் என்று ஒருவர் இருப்பதே யாருக்கும் நினைவில்லை. அவரும் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து, பரீட்சை எழுதி முடித்த பிள்ளைபோல் கேட்டுக்கொண்டிருந்தார்.

பத்திரப்பதிவு நல்லபடியாக முடிந்தது. பண்ணையைக் காலி செய்த அன்று, விடைபெறும்போது அந்த அம்மா ஒரு பெரிய பூசணிக்காயைத் தூக்கி வந்து அண்ணன் கையில் கொடுத்தார். கடைசியாகப் பறித்தது என்று மட்டும் சொன்னார். அண்ணன் தலையை ஆட்டினார்.

காரின் பின்பக்கப் பெட்டியைத் திறந்து பார்த்தார், மூடினார். பிறகு முன் கதவைத் திறந்து, என்னைப் பின்னால் போய் உட்காரச் சொல்லிவிட்டு, பூசணிக்காயை என் இடத்தில் உட்காரவைத்து, சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினார்.