கல்யாணக் காரை நிறுத்திய துர்சுனாய்

துர்சுனாய்க்குத் தாட்சண்யம் என்பது கிடையாது. கோக்கந்த் நகரத்துக்குப் போகும் சாலையில், வண்டிகளுக்கு மீத்தேன் கேஸ் போடுகிற பங்கில் பத்தொன்பது வருடமாக நிற்கிறாள். பத்தொன்பது வருடமாக அவள் வாயில் ஒரே வாக்கியம்தான்.

"எல்லாரும் இறங்குங்க. கேட்டுக்கு வெளிய போய் நில்லுங்க."

வண்டிக்குக் கேஸ் ஏறும்போது உள்ளே ஒரு ஆள் இருக்கக்கூடாது. மற்ற பங்குகளிலும் இதே சட்டம்தான். ஆனால் அங்கே குளிர் அடித்தால் சட்டம் கொஞ்சம் இளகும், தெரிந்தவர் வந்தால் இன்னும் கொஞ்சம் இளகும். துர்சுனாயிடம் அந்தப் பருப்பு வேகாது. நடக்க முடியாத கிழவர் என்றால் நாலு டிரைவர்களைக் கூப்பிட்டு நாற்காலியோடு தூக்கி வெளியே வைப்பாள், சூடாக ஒரு கிண்ணம் டீயும் கொடுப்பாள். உள்ளே மட்டும் உட்கார விடமாட்டாள். "பத்தொம்பது வருஷத்துல இங்க ஒண்ணுமே வெடிக்கலையே அக்கா, அப்புறம் எதுக்கு இந்த அலப்பறை?" என்று ஒருவன் கேட்டான். "ஏன், உன்கிட்டேருந்து ஆரம்பிக்கணுமா?" என்றாள்.

அந்தப் பங்குக்கு அவள் தரை துடைக்க வந்தவள். புருஷன் ரஷ்யாவுக்குச் செங்கல் அடுக்கப் போனான். அங்கேயே இன்னொரு வீட்டையும் கட்டிக்கொண்டு, அதற்குள் ஒருத்தியையும் குடிவைத்துவிட்டான். இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருக்க அவளுக்கு நேரமில்லை. ஒரு குளிர்காலம் குழாய் பிடிக்கிற ஆட்கள் இரண்டு பேரும் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். வரிசை வாய்க்கால் பாலம் வரை நின்றது. துர்சுனாய் துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள், குழாயைக் கையில் எடுத்தாள். அன்றைக்கு முதலில் நின்ற டிரைவர், "என்னக்கா, வண்டியைப் பெருக்கப் போறீங்களா?" என்று பல்லைக் காட்டினான். அவனை இறக்கி, டிக்கியைத் திறக்கச் சொல்லி, சிலிண்டரில் குத்தியிருந்த சோதனைத் தேதியைப் படித்தாள். தேதி முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவன் காலி வண்டியோடு திரும்பிப் போனான். அதற்குப் பிறகு துடைப்பத்துக்கு வேறு ஆள் வைத்தார்கள்.

அவளுடைய ஆயுதம் ஓரம் உடைந்த ஒரு டீக் கிண்ணம். அதில் துணி சோப்பைக் கரைத்து வைத்திருப்பாள். கேஸ் கசிகிறதா என்று பார்க்க, பழைய சவர பிரஷ்ஷால் அந்த நுரையை வண்டியின் குழாய் மூட்டில் தடவுவாள். நுரை சும்மா இருந்தால் நல்லது. குமிழி விட்டால் வண்டி மெக்கானிக்கிடம் போக வேண்டியதுதான், யார் சிபாரிசும் செல்லாது.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எலும்பைக் கடிக்கிற குளிர். கேஸ் பிரஷர் இறங்கிப்போய், ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு மடங்கு நேரம் பிடித்தது. கேட்டுக்கு வெளியே பயணிகள் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போது ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு கல்யாணக் கார் வந்தது, பின்னால் உறவுக்காரர்கள் நெருக்கி உட்கார்ந்திருந்த இன்னொரு கார். கல்யாண வண்டியை யாரும் வழி மறிப்பதில்லை. இரண்டு மணி நேரமாக நின்றவர்கள்கூட முகம் சுளிக்காமல் ஒதுங்கினார்கள்.

காரை ஓட்டி வந்தவன் மாப்பிள்ளையின் சிநேகிதன் புன்யோத், அந்தப் பங்குக்கு வாடிக்கையாக வருகிறவன்; மாப்பிள்ளை கோக்கந்தில் காத்திருந்தான். என்ஜினை அணைத்துவிட்டு இறங்கினான்.

"அக்கா, சீக்கிரம் கொஞ்சம் போட்டு விடுங்க. காலையில ஃபுல்லா போட்டேன், ரிஷ்தான்ல பொண்ணு வீட்டுலேருந்து வர்றதுக்குள்ள முள்ளு அடியில போயிருச்சு. குளிருக்கு எல்லாம் சுருங்குது போல."

"குளிருக்கு நீதான் சுருங்குவ, கேஸ் எங்க போகும்? உள்ள இருக்கறவங்களை இறக்கு."

முன் சீட்டிலிருந்து ஒரு பெண் தலையை நீட்டினாள். மணப்பெண்ணின் அண்ணி, பெயர் சல்தனத். பெண்ணைப் புகுந்த வீட்டில் ஒப்படைக்கும் பொறுப்பு அண்ணிக்குத்தான். காலையிலிருந்து அந்தப் பொறுப்பைத் தலையில் சுமந்து அவள் விறைத்துப்போயிருந்தாள்.

"நான் இறங்குறேன்மா. பொண்ணு இறங்க மாட்டா. அவ கால் முதல்ல படவேண்டியது மாப்பிள்ளை வீட்டு வாசல்ல விரிச்ச வெள்ளைத் துணியில. உங்க எண்ணெய்ச் சேத்துல இல்ல."

"அப்ப கேஸும் இறங்காது."

"நீயும் ஒரு பொண்ணுதானே? உனக்கு இரக்கமே இல்லையா? வழியில கால் பட்டா வாழ்க்கை நிலைக்காதும்மா."

"என் கால் நேரா வெள்ளைத் துணியிலதான் பட்டுச்சு. என் புருஷன் இப்ப எங்க இருக்கான் தெரியுமா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பங்கின் மேலாளர் ஆபீஸ் ஜன்னலைத் திறந்து கத்தினார். "நல்ல நாள் அதுவுமா என்ன தகராறு? பாதியாவது போட்டு அனுப்பு துர்சுனாய்!"

"நீங்க வந்து குழாயைப் புடிங்க சார். நான் உள்ள போய் டீ குடிக்கிறேன்."

ஜன்னல் சாத்திக்கொண்டது.

துர்சுனாய் பின்சீட்டைப் பார்த்தாள். கண்ணாடிகள் எல்லாம் ஏற்றப்பட்டு, ஆவி படிந்து கிடந்தன. முக்காட்டுக்குள் மணப்பெண் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, தலையைக் கதவில் சாய்த்திருந்தாள்.

"பொண்ணுக்கு என்ன ஆச்சு?"

"அழுதிருக்கா. கல்யாணப் பொண்ணுன்னா அழுவாதானே" என்றாள் சல்தனத்.

அவளிடமே பேசிவிடலாம் என்று துர்சுனாய் பின்கதவைத் திறந்தாள். உள்ளேயிருந்து வந்த கேஸ் வாடை முகத்தில் அறைந்தது. பங்கில் எப்போதும் லேசாக அடிக்கும் வாடை வேறு, இது வேறு. மணப்பெண்ணை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து வெளியே நிறுத்தினாள். வெள்ளைச் செருப்பு பனிச் சேற்றில் புதைந்தது.

"ஐயோ, பாவி! என்ன காரியம் பண்ணிட்ட!" என்று அலறினாள் சல்தனத்.

"எல்லாரும் கேட்டுக்கு வெளிய ஓடுங்க! புன்யோத், சாவியைத் தொடாதே! எந்த ஸ்விட்சையும் தொடாதே! கதவை எல்லாம் திற!"

அந்தக் குரலுக்குப் பிறகு யாரும் வாதாடவில்லை. சல்தனத் மணப்பெண்ணை இழுத்துக்கொண்டு ஓடினாள். துர்சுனாய் டிக்கியைத் திறந்தாள். சீர் மெத்தைகள், பட்டு உறை போட்ட பன்னிரண்டு மெத்தைகள், திணித்து முழங்காலால் அழுத்தி அடைத்திருந்தார்கள். ஒவ்வொன்றாக உருவிப் பனியில் எறிந்தாள். அடியில் சிலிண்டர். அதன் கழுத்திலிருந்து போகும் குழாயை மெத்தைக் கட்டு நெருக்கி வளைத்திருந்தது. கிண்ணத்தைக் கொண்டுவந்து மூட்டில் நுரையைத் தடவினாள். நுரை பால் பொங்குவதுபோல் பொங்கியது.

வால்வைத் திருகி மூடினாள். நுரை அடங்கியது. கிண்ணத்தோடு கேட்டுக்கு வெளியே போனாள்.

"ரிஷ்தான்லேருந்து இது கசிஞ்சுக்கிட்டே வந்திருக்கு. புன்யோத், வழியில சிகரெட் பத்த வெச்சியா?"

"கோக்கந்த்ல இறங்கினப்புறம் குடிக்கலாம்னு பாக்கெட்ல வெச்சிருக்கேன் அக்கா. மாப்பிள்ளை கார்ல குடிக்கக்கூடாதுன்னு சொல்லியிருந்தான்." அவன் முகம் வெளுத்திருந்தது. "வாடை எனக்குப் பழகிப்போச்சு, தெரியவே இல்லை. அண்ணி அத்தர் பூசியிருந்தாங்க வேற."

மணப்பெண் முக்காட்டைத் தூக்கினாள். இருபது வயதுகூட இருக்காது, பெயர் ஒய்தின். உதட்டில் சாயம் கலைந்திருந்தது.

"எனக்குத் தெரிஞ்சுது. கிளம்பி கொஞ்ச நேரத்துலேயே வாடை வந்துச்சு. தலை வலிச்சுது, குமட்டுச்சு."

சல்தனத் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அப்ப ஏண்டி சொல்லல? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"நீங்கதானே அண்ணி சொன்னீங்க. என்ன நடந்தாலும் வாயைத் திறக்காதே, பேசற மணப்பொண்ணு வீட்டுக்கு அடங்க மாட்டான்னு."

சல்தனத் அவள் தோளிலிருந்து கையை எடுத்தாள். விதை கொறித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். துர்சுனாய்க்கு அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அழவேண்டும்போல் இருந்தது. அவள் அழவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, கழுத்தில் இருந்த கம்பளித் துண்டை அவிழ்த்து, குனிந்து, ஒய்தினின் செருப்புச் சேற்றைத் துடைத்தாள்.

கல்யாணக் காரைத் தள்ளி ஓரத்தில் விட்டார்கள். பின்னால் வந்த காரில் எள் போட இடமில்லை. வரிசையில் முதலாவதாக நின்ற வேன் கேஸ் ஏற்றிக்கொண்டு வெளியே வந்தது. வெங்காயம் ஏற்றுகிற வண்டி. டிரைவர் கோச்கோர் சீட்டைத் தட்டிவிட்டு இறங்கினார்.

"வாங்கம்மா, நான் கொண்டு போய் விடுறேன். வெங்காய வாசம் வரும், பொறுத்துக்கணும். வாசல்ல வெள்ளைத் துணி விரிச்சிருப்பாங்க, அதுக்கு நேரா நிறுத்துறேன். ஏறுங்க, நேரமாச்சு."

உறவுக்காரர்கள் மெத்தைகளைத் தூக்கி வந்து வேனில் வைக்கப் போனார்கள். ஒய்தின் ஏறவில்லை. பாவாடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கோச்கோரை நேராகப் பார்த்தாள். அவளுடைய குரல் வாய்க்கால் பாலம் வரை கேட்டது.

"மெத்தையைக் கீழ வைங்க. அண்ணே, முதல்ல சிலிண்டர் எங்க இருக்குன்னு காட்டுங்க. அக்கா, அந்தக் கிண்ணத்தை எடுத்துட்டு வாங்க. என் கண்ணால பார்த்துட்டுத்தான் ஏறுவேன்."

கோச்கோர் திகைத்துப்போய் அண்ணியைப் பார்த்தார். சல்தனத் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னை எதுக்குப் பாக்கறீங்க? பொண்ணு சொல்றால்ல, திறந்து காட்டுங்க."