சாதாரணக் காயம்

எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றும் பெண் அடி அண்ணாமலைக் கிராமத்துக்காரி, புருஷனை இழந்தவள். மணிலாக்கொட்டைச் செடி, வேர்க்கடலைதான், தண்ணீரில்லாமல் காய்கிறதே என்று, கொழுந்தனோடு பங்குள்ள பொதுக் கிணற்றில் தன் முறைக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள். கொழுந்தன் அவள் மயிரைப் பிடித்து வரப்பில் இழுத்து, வயிற்றில் உதைத்து, விழுந்தவளின் வலக்கைமேல் ஏறி மிதித்தான்.

மறுநாள் ஆஸ்பத்திரிச் சீட்டோடு என்னிடம் வந்தாள். நான் கிரிமினல் கோர்ட்டில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். அடிபட்டவர்கள் சாமிக்கு அடுத்தபடி தேடி வருவது என்னைத்தான்.

“சிம்பிள்னு எழுதியிருக்காங்களாம் சார். அப்பிடின்னா இன்னா?”

அகராதி எளிய, சாதாரண, சிக்கலற்ற, கபடமற்ற என்று அடுக்கும். காட்டன் புடவைக்கும் கல்யாணச் சாப்பாட்டுக்கும் அவை பொருந்தும். சட்டத்தில் கண் போகாமல், எலும்போ பல்லோ உடையாமல் இருந்தால், உடம்பு முழுக்கக் கன்றியிருந்தாலும் சிம்பிள்தான். ஆயுதமில்லாமல் செய்த சிம்பிள் காயத்துக்குக் கோர்ட்டு அனுமதியின்றிப் போலீஸ் வழக்குப் போடாது. புகாருக்கு ஒரு ரசீது கொடுத்து அனுப்பிவிடும்.

“லேசான காயம்னு அர்த்தம்மா.”

“லேசா? எழுதுன டாக்டர வரப்புல படுக்கச் சொல்லுங்க. அவன வுட்டே லேசா மிதிக்கச் சொல்றேன்.”

“கையில கட்டு இருக்கே, எக்ஸ்ரே எடுக்கலையா?”

“நான்தான் வேணாம்னுட்டேன். மின்னாடியே நாட்டு வைத்தியருகிட்ட கட்டு போட்டாச்சு. பிரிச்சா கை கோணிக்கும்னாரு.”

எங்கள் பக்கத்தில் எலும்பு முறிந்தால் முதலில் மூங்கில் பத்தையும் முட்டையும் வைத்துக் கட்டு. டாக்டர், போலீஸ் எல்லாம் அப்புறம். கட்டைப் பிரிக்காமலே படம் எடுக்கலாம் என்பது அவளுக்குத் தெரியாது. அதைச் சொல்ல டாக்டருக்கு நேரமில்லை.

எக்ஸ்ரே எடுக்க நானே கூட்டிப்போனேன். மேசையில் கையைத் திருப்பி வைக்கும்போது உதட்டைக் கடித்து ரத்தம் வரவழைத்துக்கொண்டாள். படத்தில் எலும்பு இரண்டாகத் தெரிந்தது. டாக்டர் கொடுங்காயம் என்று திருத்தினார். போலீஸ் வழக்குப் பதிந்து கொழுந்தனைப் பிடித்தது.

“உள்ள வெச்சிருவாங்களா சார்?”

“கேஸ் நடக்கும். ஆனா இதுக்கும் ஜாமீன் உண்டும்மா.”

“அப்போ சாயங்காலமே வந்துருவான். நல்ல சட்டம்.”

சாயங்காலமே வந்தான். அவள் வீட்டுக் கதவை உதைத்த உதையில் தாழ்ப்பாள் தெறித்தது. உள்ளே அவள் இடக்கையில் புல்லறுக்கும் அரிவாளோடு நின்றிருந்தாள். தலைமயிரைப் பிடிக்க நீட்டிய அவன் கை மணிக்கட்டுவரை கிழிந்தது. தெருவெல்லாம் ரத்தம் சிந்தியபடி ஓடினான்.

காலையில் பால் கொண்டுவந்தபோது இதையெல்லாம் சொன்னாள். அவனும் புகார் கொடுத்திருந்தான். ஸ்டேஷனுக்கு யாரை அழைத்துப் போக வேண்டும், என்ன பேசக் கூடாது என்று சொன்னேன்.

“போறேன் சார். அவன் கையிலயும் இப்ப கட்டு, தையலு. ஆறுற வரைக்கும் கிணத்தாண்ட வரமாட்டான். அதுக்குள்ள மணிலாவுக்கு ரெண்டு தண்ணி பாய்ச்சிக்கிறேன்.”